ஒரே முயல், நான்கு விதக் கடி: நெல்லை வளவு வீட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய தெரு ஒன்றில், நான்கு குடும்பங்கள் ஒரே வாசலில் புழங்கும் வளவு வீடு அது. பின்கட்டில் இருக்கும் குடும்பத்தில் அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்பு மகள், நாலாம் வகுப்பு மகன், ஆச்சி என்று ஐந்து பேர். தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, பையனின் நச்சரிப்புத் தாங்காமல் அப்பா சாலையோரம் கூடையில் வைத்து விற்றவரிடம் ஒரு வெள்ளை முயல் குட்டியை வாங்கி வந்தார். ஆண் குட்டி, ஒன்றரை மாதம் ஆகிறது, இதற்கு மேல் பெரிதாக வளராது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். வயது ஏறக்குறைய சரி. மற்ற இரண்டும் தப்பு.

பஞ்சு என்று பெயர் வைத்தார்கள். லவ் பேர்ட்ஸ் வளர்க்க விற்கும் கம்பிக் கூண்டு, இரண்டடிக்கு ஒன்றரை அடி. அடித்தளமும் கம்பி வலைதான், கழிவு கீழே தட்டில் விழும். கூண்டு பின் தாழ்வாரத்தில், துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. மாலையில் ஒரு மணி நேரம் கூடத்தில் அவிழ்த்து விடுவார்கள். தீனி கேரட், முட்டைக்கோஸ், மீந்த சப்பாத்தி, பையன் பங்குக்கு பிஸ்கட். புல் எப்போதாவதுதான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சின்னதாக ஒரு கால்நடை மருத்துவமனை வைத்திருப்பவன். நாய், பூனை, ஆடுதான் அதிகம். முயல் மாதத்துக்கு நாலைந்து வந்தால் பெரிது. நான் படித்த காலத்தில் முயல் என்றால் பண்ணை முயல்தான். கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து வரும் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயன்ட், எத்தனை வாரத்தில் எத்தனை கிலோ, ஒரு ஈற்றுக்கு எத்தனை குட்டி. பண்ணையில் கடிக்கிற தாய் முயலைக் கழித்துவிடுவார்கள், அதோடு விஷயம் முடிந்தது. அது ஏன் கடிக்கிறது என்று கேட்க வேண்டிய தேவை எனக்கு அதுவரை வந்ததில்லை. இந்த நிகழ்வை எழுதி வைக்க அதுவும் ஒரு காரணம்.

ஆனித் தேரோட்ட வாரம்

சித்திரை வரை ஒரு தொந்தரவும் இல்லை. வைகாசியில், குட்டிக்கு ஆறு மாதம் நெருங்கும்போது, தீனிக் கிண்ணத்தை எடுக்க அம்மா கூண்டுக்குள் கை விட்டால் ‘ர்ர்’ என்று ஒரு சின்ன உறுமல். முதலில் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் கூண்டைத் தூத்துவிடும் வாரியலைப் பாய்ந்து பாய்ந்து கடித்தது. ஆனி பிறந்ததும் கையையே கடிக்கத் தொடங்கியது.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு வீட்டில் பதினொரு விருந்தாளிகள். அதில் பாதி குழந்தைகள். பையன் தன் சேக்காளிகளுக்குக் காட்ட முயலின் இரண்டு முன்னங்கால்களுக்கு அடியிலும் கை கொடுத்து, பின்னங்கால் தொங்கத் தூக்கியிருக்கிறான். அது உதைத்து, திரும்பி, மணிக்கட்டில் பதித்த இரண்டு பற்களும் ஆழமாகவே இறங்கிவிட்டன. ஆச்சி மஞ்சள் பொடியை அப்பினார். நல்ல வேளை, அம்மா அதைக் கழுவிவிட்டு சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசியிருக்கிறார். மருத்துவமனையில் டிடி ஊசி போட்டார்கள். வெறிநாய்க்கடி ஊசி தேவையா என்று மருத்துவர் விசாரித்தபோது, முயல் வீட்டை விட்டு வெளியே போனதில்லை, நாய், பூனை எதுவும் அதைக் கடித்ததில்லை என்று சொல்லவும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். முயல் வழியாக ரேபிஸ் வருவது மிக மிக அரிது. ஆனாலும் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர்தான். வீட்டுக்காரரோ, விற்றவரோ, கால்நடை மருத்துவனான நானோ அல்ல. எந்த விலங்கு கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் 15 நிமிடம் என்பது மட்டும் எல்லோரும் செய்ய வேண்டியது.

அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு வைத்தியம். பேப்பரைச் சுருட்டி மூக்கில் தட்டினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார் ஒருவர். இதை யாரும் செய்யாதீர்கள், காது கைப்பிடி அல்ல. விற்றவருக்குப் போன் போட்டால், “ஜோடி இல்லாத கோவம், இன்னொண்ணு வாங்கி விடுங்க” என்றாராம். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த மாமா, இதில் காட்டு முயல் ரத்தம் கலந்திருக்கிறது, அதுதான் இந்த மூர்க்கம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் கட்சி அவர். நம் தேரிகளிலும் புதர்க்காடுகளிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அதன் குரோமோசோம் 48, வீட்டு முயலுக்கு 44. இரண்டும் கலந்து குட்டி போடாது. காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது தனி.

பக்கத்து வீட்டுக்காரர் ‘சால்னா’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட, பையன் ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மறுநாள் காலை முயலோடு என்னிடம் வந்தார்கள்.

முதல் பரிசோதனை

துண்டு போட்டு மூடிய பிளாஸ்டிக் கூடையில் கொண்டு வந்திருந்தார்கள். மேஜையில் வைத்ததும் பஞ்சு கல்லைப் போல உட்கார்ந்தது. கண் அகல விரிந்திருந்தது, மூக்குத் துடிப்புக்கூட நின்றிருந்தது. நான் எங்கே தொட்டாலும் அசையவில்லை. இதுவா கடிக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் வியப்பு ஒன்றும் இல்லை. தன் இடத்தில் பாயும் முயல் அந்நிய இடத்தில் உறைந்துபோகும். மேஜையில் காட்டும் குணத்தை வைத்து வீட்டுக் குணத்தை எடைபோட முடியாது.

எடை 2.8 கிலோ. பாலினம் பார்த்தேன்: பெண். ஆறு மாதமாக அவன், இவன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பையனுக்கு அது பெரிய அதிர்ச்சி. வெட்டுப்பற்கள் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், வெட்டுப்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். புல் கடித்துத் தேய்க்காவிட்டால் கடைவாய்ப் பல்லில் முள் போல முளைத்து நாக்கைக் கிழிக்கும். அந்த வலியிலும் முயல் கடிக்கும். அதனால் விளக்குக் குழலை விட்டுக் கடைவாயையும் பார்த்தேன். குறை இல்லை.

பருவம் வந்த பெண் முயல், கூண்டைத் தன் வளையாக நினைத்துக் காக்கிறது, ஹார்மோன்தான் காரணம், கொஞ்சம் குளிர்ந்ததும் கருப்பை அறுவை செய்யலாம், அதுவரை புல் நிறையப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். முயலைத் திருப்பிப் பாதங்களின் அடியைப் பார்க்கவில்லை. கூண்டின் தரை எப்படி இருக்கும் என்றும் கேட்கவில்லை.

நாள்காட்டித் தாள்கள்

பத்து நாள் கழித்து அம்மா போன் செய்தார். “டாக்டர், இப்ப என் பொண்ணையும் கடிச்சிட்டு. அவதான் அதுக்கு ரொம்ப இஷ்டம்.” குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. மகள் அதைத் தூக்கவும் இல்லை, கூண்டுக்குள் கை விடவும் இல்லை என்றார். என் விளக்கத்துக்குள் இது அடங்கவில்லை.

அப்போதுதான் எழுதி வைக்கச் சொன்னேன். எங்கே, எத்தனை மணிக்கு, யார் கை அல்லது கால், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் முயல் என்ன செய்துகொண்டிருந்தது, இந்த நாலு கேள்விக்கு மட்டும் பதில் போதும். ‘கோபமாக இருந்தது’ என்று எழுதக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மகள் கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, கம்பியில் குத்தி வைத்தாள். பத்தொன்பது நாளில் இருபத்தொரு குறிப்புகள். ஒன்று இப்படி இருந்தது: “காலை 6.40. அம்மா கிண்ணம் எடுக்க. பஞ்சு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் முதுகோடு ஒட்டிவிட்டது, வால் நிமிர்ந்தது, முன்னங்காலால் இரண்டு தடவை குத்தியது, அப்புறம்தான் கடித்தது.” நான் எழுதும் கேஸ் ஷீட்டைவிட இது தெளிவு.

தாள்களைத் தரையில் பரப்பிப் பிரித்துப் பார்த்தோம். பன்னிரண்டு குறிப்புகள் கூண்டுக்குள் கையோ வாரியலோ போனபோது நடந்தவை. ஐந்து ஆச்சியின் கணுக்கால்: கூடத்தில் நடக்கும்போது முயல் காலைச் சுற்றிச் சுற்றி ‘ம்ம்’ என்ற முனகலோடு வட்டமடிக்கிறது, ஆச்சி காலை நகர்த்தியதும் கவ்வுகிறது. இரண்டு தூக்கியபோது. மிச்சம் இரண்டுதான் மகள் வாங்கியவை: கூடத்தில், முயல் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது முதுகின் பின்பக்கத்தைத் தடவியிருக்கிறாள்.

அதுவரை எல்லோரும் ஒரே பெயரில் ‘கடிக்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குள் நான்கு வேறு விஷயங்கள் இருந்தன.

இடையில் ஒரு கூத்து. பதினான்காம் நாள் தாளில், “வாயில் புல்லை மீசை மாதிரி வைத்துக்கொண்டு கூண்டுக்குள் சுற்றுகிறது” என்று இருந்தது. மறுநாள் தாடைக்குக் கீழ் உள்ள ரோமத்தைப் பிடுங்கி ஒரு மூலையில் மெத்தை போட்டது. “ஏட்டி, இது குட்டி போடப் போகுதுட்டி” என்று ஆச்சி அறிவிக்க, வளவில் இரண்டு வீட்டார் குட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஆண் முயல் எதுவும் அந்த வாசலையே மிதித்ததில்லை. இது பொய்ச் சினை. முயலுக்கு மாதச் சுழற்சிப்படி முட்டை வெளியாவதில்லை, தூண்டுதல் கிடைத்தால் வெளியாகும்; இணை சேராமலே சில நேரம் உடம்பு அப்படி ஏமாந்துவிடும். உண்மைச் சினை 30 முதல் 32 நாள், பொய்ச் சினை 16 முதல் 18 நாளில் முடிந்துவிடும். கூண்டுக்குள் நடந்த பன்னிரண்டில் ஒன்பது இந்த நாட்களில் விழுந்தவை. அந்த ரோம மெத்தையைக் குப்பை என்று அம்மா தினமும் காலையில் அள்ளிப் போட்டிருக்கிறார். அள்ளிய ஒவ்வொரு நாளும் ஒரு கடி.

வீட்டில் நேரில் பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னேன். கூண்டின் வாசல் ஒரு பக்கம், கிண்ணம் எதிர் மூலையில். வாசலருகே முயல். அம்மாவின் கை முயலின் மூக்கைத் தாண்டித்தான் கிண்ணத்துக்குப் போக வேண்டும். முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருவதும் தெரியும். மூக்கு நுனிக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழும் உள்ள சின்ன இடம்தான் தெரியாது. கை தூரத்தில் தெரிகிறது, பெரிதாகிக்கொண்டே வருகிறது, மூக்கருகில் வந்ததும் மறைந்துபோகிறது. ஓடி ஒளிய இடமும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் கடித்திருப்பேன்.

அது கடிக்க வரும்போது அம்மா வெடுக்கென்று கையை எடுத்துவிடுகிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் முயலுக்கு அது ஒரு பாடம்: பாய்ந்தால் கை போய்விடுகிறது. இரண்டு மாதமாகத் தினம் இரண்டு வேளை இந்தப் பாடம் நடந்திருக்கிறது.

பிறகு ஒரு கொத்துமல்லித் தண்டை நீட்டினேன். அதை எட்டிக் கடிக்க முன்னால் வந்தபோது இடது பின்னங்காலை ஒரு நொடி தாமதமாக ஊன்றியது. துண்டால் சுற்றி, முதுகைத் தாங்கிப் பிடித்துப் பாதத்தைத் திருப்பினேன். குதிகாலில் ரோமம் உதிர்ந்து, எட்டணா அளவுக்குத் தோல் சிவந்து, நடுவில் பொருக்கு. வலது காலிலும் ஆரம்பம். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போன்ற மெத்தைத் தசை கிடையாது, ரோமம்தான் செருப்பு. கம்பி வலையில் ஆறு மாதம் நின்றால் இந்தப் புண் வரத்தான் செய்யும். முதுகின் பின்பக்கத்தைத் தடவும்போது உடல் பாரம் அந்தக் காலுக்கு மாறுகிறது. மகளைக் கடித்தது இதனால்தான். அந்தப் புண் முதல் நாளே என் மேஜையில் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வலிதான் முதலில். எடைக்குத் தக்க அளவில் மெலாக்சிகாம் சொட்டு, புண்ணைக் கழுவ உப்புக் கரைசல். நக்கி விழுங்கும் என்பதால் களிம்பு எதுவும் கொடுக்கவில்லை. வீட்டில் பையனுக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் இருந்தது, அதைக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டார். கேட்டது நல்லதாயிற்று. வாய் வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே எடுத்துவிடும்.

அடுத்தது தரை. ஸ்டூலிலிருந்து கூண்டை இறக்கி, வலை மேல் பலகை போட்டு, அதன்மேல் கோரைப்பாய். பத்தமடைப் பக்கத்து வீடுகளில் பாய்க்குப் பஞ்சமில்லை. அத்தை வீட்டிலிருந்து சாயம் போடாத பழைய பாய் ஒன்று வந்தது. சாயப்பாய் வேண்டாம் என்றேன், எப்படியும் தின்னத்தான் போகிறது. கூண்டுக் கதவைக் கழற்றிவிட்டு, தாழ்வாரத்தின் மூலையில் ஆறடிக்கு நாலடி இடத்தைப் பலகையால் அடைத்தார்கள். ஒளிந்துகொள்ள ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து, பக்கவாட்டில் வாசல் வெட்டினாள் மகள். கூண்டு இனி படுக்கையறை மட்டும், தீனி வெளியே. முயல் எதிர் மூலையில் புல் தின்னும்போதுதான் கூண்டைத் தூத்த வேண்டும். ரோம மெத்தை போட்டால் மூன்று நாள் தொடக் கூடாது.

கையை இழுக்காமல் இருப்பது எப்படி என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. தோல் கையுறை சொன்னேன், அது சரிவரவில்லை. பெரிதாக, வேறு வாடையோடு வரும் கையைக் கண்டு முயல் இன்னும் மிரண்டது. வழி கண்டவர் அம்மா. அடுக்களையிலிருந்து பழைய சுளகை (முறத்தை) எடுத்துவந்து, கைக்கும் முயலுக்கும் நடுவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்தார். முயல் சுளகில் மோதியது, விளிம்பைக் கடித்தது, சுளகு அசையவில்லை, கையும் ஓடவில்லை. நாலைந்து நாளில் மோதுவது குறைந்து, விளிம்பைக் கொறிப்பதோடு நின்றது. பிறகு சுளகின் மேல் கொத்துமல்லியை வைத்து நீட்டினார். இந்த யோசனையை இப்போது நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பெருமை அவருக்குச் சேர வேண்டியது. தொடும்போது மூக்குக்கு நேராகக் கையை நீட்டாமல், பக்கவாட்டில் கொண்டுவந்து நெற்றியில் வைக்கும்படி சொன்னேன்.

ஆச்சி விஷயம்தான் இழுபறி. காலைச் சுற்றி முனகுவது இணை தேடும் நடத்தை, ஹார்மோன் அடங்கும் வரை போகாது. அதுவரை கணுக்காலை மூடினால் நல்லது, வீட்டுக்குள் செருப்போ சாக்ஸோ போடுங்கள் என்றேன். “அறுபத்தெட்டு வருசமா வீட்டுக்குள்ள செருப்புப் போட்டதில்ல, ஒரு மொசலுக்காகவா போடப் போறேன்?” என்று கேட்டார். சரி, வேறு வழி பார்த்தோம். ஏழு மணிக்கு ஆச்சி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பார். முயலைக் கூடத்தில் விடும் நேரம் அதற்கு மாறியது.

பையன் இனித் தூக்கக் கூடாது. முயலின் எலும்பு இலேசு, பின்னங்கால் தசை பலம். பிடி நழுவி ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அது வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். பையனுக்கு அது பிடிக்கவில்லை. நாய்க்குட்டி மாதிரி இல்லையே என்றான். இல்லைதான்.

தீனியில் சப்பாத்தியும் பிஸ்கட்டும் நின்றன, கேரட் வாரத்துக்கு இரண்டு துண்டு. குறுக்குத்துறைப் பக்கம் வரப்பில் அருகம்புல் அறுக்கலாம் என்று அப்பா நினைத்தார். வயலுக்கு மருந்து அடித்த வரப்பாக இருந்தால் வம்பு என்று தடுத்து, பால்காரரிடம் கோ-4 என்ற தீவனப் புல்லும் அருகும் வாங்க ஏற்பாடாயிற்று. பாதியைப் பச்சையாகவும் பாதியை மொட்டைமாடியில் உலர்த்தியும் போட்டார்கள்.

இன்னொரு முயல் வாங்குவதை நிறுத்தி வைத்தோம். அறுவை ஆகாத, எல்லைக்காகச் சண்டை போடும் முயலின் இடத்தில் இன்னொன்றைக் கொண்டு விட்டால் ரத்தக் களரிதான். வந்தது ஆணாக இருந்தால் அடுத்த மாதமே குட்டி.

தொடர்ந்து நடந்தவை

ஆவணி முடிவில், ஐந்து வாரத்தில், குதிகால் புண் ஆறி ரோமம் முளைக்கத் தொடங்கியது. முதுகைத் தடவினால் கடிப்பது அதற்கு முன்பே நின்றுவிட்டது. தூக்குவதை நிறுத்தியதால் அந்த வகைக் கடியும் இல்லை. கூண்டுக் கடி புரட்டாசியில் மாதம் முழுக்க இரண்டே தடவை, இரண்டும் அப்பா சுளகு எடுக்காமல் அவசரத்தில் கை விட்டபோது. ஆச்சியின் காலைச் சுற்றுவது மட்டும் துளியும் குறையவில்லை. எனக்கு இது பெரிய தெளிவைக் கொடுத்தது. முதல் நாளே எல்லாவற்றையும் ஹார்மோன் கணக்கில் எழுதியிருந்தேன். ஹார்மோனில் கை வைக்காமலே நான்கில் இரண்டு போய்விட்டது, மூன்றாவது முக்கால்வாசி குறைந்தது.

அப்படியானால் அறுவை எதற்கு என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பொய்ச் சினை திரும்பத் திரும்ப வரும். அறுவை ஆகாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு மிக அதிகம். மறுபக்கம், முயலுக்கு மயக்க மருந்தின் ஆபத்து நாய், பூனையைவிடக் கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தார்கள். முயல் அறுவையில் என்னைவிட அனுபவம் கூடிய மூத்த மருத்துவர் ஒருவர் செய்ய ஒப்புக்கொண்டார். ஐப்பசியில் நாள் குறித்துவிட்டு, பிறகு நானே தள்ளிப்போட்டேன். தையல் ஆறும் நாட்களில் தீபாவளி வெடிச் சத்தம் வேண்டாம் என்று பட்டது.

அது சரியான முடிவு என்று தீபாவளி ராத்திரியே தெரிந்தது. பஞ்சு பின்னங்காலால் தரையை அடித்து அடித்து அபாயம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சமாதானப்படுத்த அம்மா கடகத்துக்குள் கை விட, மூன்று மாதத்தில் முதல் முறையாக ஆழமான கடி. ஒளிந்திருக்கும் இடத்துக்குள் கை போகக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்லியிருக்கவில்லை. கூண்டைச் சொன்னேன், கடகத்தைச் சொல்ல விட்டுவிட்டேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம் அறுவை. முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, குடல் காலியாக நின்றால்தான் ஆபத்து; அதனால் அறுவைக்கு முன்பு வரை புல் கொடுக்க வேண்டும். “ஆபரேசனுக்குப் போறதுக்கு வயித்த நெறச்சா அனுப்புவாங்க?” என்று ஆச்சி கடைசி வரை நம்பவில்லை. கருப்பை சாதாரணமாக இருந்தது. நாலு மணி நேரத்தில் கொத்துமல்லி கடித்தது. அன்று ராத்திரி போட்ட புழுக்கை சின்னதாகவும் குறைவாகவும் இருந்தது எனக்குக் கவலைதான். வலி மருந்தோடு மறுநாள் மதியம் சரியாயிற்று.

ஹார்மோன் உடனே வற்றாது, வாரக்கணக்காகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மூன்று வாரம் வரை ஆச்சியின் காலைச் சுற்றியது. மார்கழித் தொடக்கத்தில் நின்றது. பொய்ச் சினை திரும்ப வரவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது

மாசியில் கடைசியாகப் போய்ப் பார்த்தேன். வாரியலைக் கண்டால் இன்னும் உறுமுகிறது. தூக்க விடாது, நகம் வெட்ட இரண்டு பேர், ஒரு துண்டு தேவை. பையன் மெல்ல மெல்ல ஆர்வம் இழந்து இப்போது மீன் தொட்டி கேட்கிறான். முயலைப் பார்த்துக்கொள்வது மகளும் அம்மாவும்தான். இதைத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன், ஆனால் குழந்தை கேட்டது என்று முயல் வாங்க வருகிறவர்களிடம் இந்தப் பகுதியைத்தான் முதலில் சொல்கிறேன்.

நான் மாற்றிக்கொண்டவை

கடிக்கிற முயல் வந்தால் இப்போது பல்லுக்கு முன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கூண்டின் தரையைப் போனில் படம் எடுத்து வரச் சொல்கிறேன். பஞ்சுவின் வீட்டுத் தாழ்வாரத்தில் நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை இரண்டு நிமிட வீடியோவிலும் ஓரளவு பார்க்கலாம், வழக்கமாகக் கை விடுகிறவர் வழக்கமாக விடுகிற மாதிரி விட்டால். குறிப்பு எழுதச் சொல்வதை இரண்டாம் முறை வரும்வரை தள்ளிப்போடுவதில்லை. ‘ஹார்மோன்’ என்ற வார்த்தையை முதல் நாளில் சொல்லாமல் இருக்கப் பார்க்கிறேன். சொல்லிவிட்டால் வந்தவரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார், நானும் நிறுத்திவிடுகிறேன்.

வெயிலை இந்த நிகழ்வில் நான் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றும் தோன்றுகிறது. முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். துவைகல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே வைகாசி முழுக்க அந்தக் கூண்டு இருந்தது. இந்தப் பங்குனிக்கு இடத்தை மாற்றி, பலகைத் தடுப்பின் மேல் ஈரச் சாக்கு கட்டி, ஐஸ் வைத்த பாட்டிலைத் துணி சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மகள் திரும்பத் தாள் எழுதுகிறாள், இந்த முறை வெப்பநிலையும் சேர்த்து. நேற்று அனுப்பிய தாளின் படத்தில் இருந்தது: “மதியம் 2.15. 36 டிகிரி. கடி இல்லை. பாட்டிலோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. மூன்றாவது பாயும் தீர்ந்துவிட்டது.”